அப்பச்சிக்கு வாசித்துக் காட்ட விலங்குகளைப் பற்றிய நூல்கள் வேண்டும்

முகப்புத்திண்ணை (பள்ளத்தூர்):

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு (தந்தையாருக்கு) இப்போது 82 வயது. கண்ணில் நீர் அழுத்தம் ஏறி எழுத்துகள் மங்கிவிட்டதால், ஓராண்டுக்கும் மேலாக அவரால் தாமாகப் படிக்க இயலவில்லை. ஆகவே நாள்தோறும் விளக்கேற்றிய பிறகு, பட்டாலையில் அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்து, அரைமணி நேரம் ஏதேனும் ஒரு நூலை வாய்விட்டு வாசித்து வருகிறேன். சென்ற ஐப்பசியில், 14 ஆண்டுகள் எங்களோடு இருந்த மணி என்ற நாய் இறந்துபோனது. கொல்லையில் வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து அப்பச்சி அதன் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்.

போன வாரம் அவராகவே, "ஆடு மாடு, காக்கை குருவி பற்றி நல்லதாக ஒன்று வாசி" என்று கேட்டார். கூடவே இரண்டு நிபந்தனைகளும் விதித்தார். நூல் தமிழில் இருக்கவேண்டும். நரியும் காக்கையும் மனிதரைப்போல் பேசி நமக்கு நீதி சொல்லும் கதையாக இருக்கக் கூடாது. விலங்கு விலங்காகவே இருக்கவேண்டுமாம். மூன்றாவது நிபந்தனை என்னுடையது: நாய் சாகிற கதை வேண்டா. உங்களில் பலர் படிப்பிலும் உயிர்களிடத்திலும் ஒரே அளவு அன்பு கொண்டவர்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

கண்மாய்க்கரை (திருப்பத்தூர்):

ஆச்சி, அப்பச்சி விதித்த நிபந்தனையைப் படித்ததுமே எனக்கு மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். அ. மாதவையாவின் மகனான அவர் 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். ஆங்கிலத்தில் ஒரு நாளிதழுக்கு 1950 முதல் மறைந்த நாள் வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார் என்பது பலருக்கும் தெரியும். தமிழிலும் அழகாக எழுதினார் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. அந்தத் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் சிறிய கட்டுரை என்பதால், ஒரு மாலைக்கு ஒன்றோ இரண்டோ வாசிக்க ஏற்றது. கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றையும் எழுதாத மனிதர் அவர். விலங்கின் வாயில் தம் கருத்தைத் திணிக்கும் வேலை அவரிடம் கிடையாது. செட்டியார் ஒருவரின் பெயரைத் தலைப்பில் தாங்கிய துப்பறியும் நாவல் ஒன்றையும் அவர் எழுதியிருக்கிறார் என்பது நம் பக்கத்தவர்க்கு ஒரு கூடுதல் செய்தி.

இதனோடு, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' என்ற க்ரியா வெளியீட்டையும் வாங்கி வையுங்கள். கையேட்டை எப்படி வாய்விட்டு வாசிப்பது என்று தோன்றலாம். ஆனால் கிராமத்தில் வளர்ந்த முதியவரிடம் ஒரு பறவையின் தோற்றத்தையும் குரலையும் வாசித்துக் காட்டி, "இதற்கு நம் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டால், அரைமணி நேரம் போதாது. என் தாயாரிடம் இப்படித்தான் நான் கேட்டேன். ஆட்காட்டியை அவர் ஆக்காட்டி என்றார். கரிச்சானை இரட்டைவால் குருவி என்றார். வயலில் அவை என்ன செய்யும், யாரைக் கண்டு கத்தும் என்பதையெல்லாம் நூலில் உள்ளதைவிட விரிவாகச் சொன்னார்.

தொழுவம் (சிராவயல்):

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைகளாக மஞ்சுவிரட்டுக் காளை வளர்க்கிறோம். ஆகவே நான் சொல்லத்தக்க நூல் ஒன்றே ஒன்றுதான்: சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. மிகச் சிறிய நாவல். மூன்று மாலைகளில் முடிந்துவிடும். தந்தையைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையை அடக்க வந்து நிற்கும் பிச்சி, அவனருகில் மருதன், எல்லாவற்றையும் பார்த்துப் பழுத்த ஒரு கிழவர், மேடையில் ஜமீன்தார் என்று ஒரே ஒரு பிற்பகலில் கதை நடந்து முடிகிறது. காளை வாடியைவிட்டு வெளியே வந்து நின்று மண்ணைக் கிளறும் அந்தச் சில நொடிகளைச் செல்லப்பா எழுதியிருப்பதைப் போல வேறு எவரும் எழுதி நான் படித்ததில்லை. காளையின் கண், திமில், கொம்பு, அது தலையைத் திருப்பும் கோணம் ஆகியவற்றை அருகில் நின்று பார்த்தவர் மட்டுமே அப்படி எழுத முடியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முடிவில் ஜமீன்தாரின் துப்பாக்கியால் காரி சுடப்பட்டு இறக்கிறது. நாய் சாகக் கூடாது என்றுதான் ஆச்சி கேட்டிருக்கிறார்கள். காளை சாகலாமா என்பதை அவர்களே முடிவுசெய்யவேண்டும். என்னைப் பொறுத்தவரை அந்த இடத்தை நான் ஒவ்வொரு முறையும் மெதுவாகத்தான் படிக்கிறேன். எங்கள் ஊரில் தை மாதத்தில் தொழுவிலிருந்து அவிழ்க்கும் காளைகளுக்கும், பொட்டலில் கட்டுமாடாக அவிழ்த்துவிடும் காளைகளுக்கும் கழுத்தில் துண்டு கட்டி அனுப்புகிறோம். அவை திரும்பி வீட்டுக்கு வந்து சேரும்வரை பெண்கள் அடுப்பு பற்றவைப்பதில்லை. அந்த மாலையின் பதைபதைப்பு தெரிந்தவர்க்கு, காரியின் சாவு வெறும் கதை முடிவாகப் படாது.

கால்நடைத்தோழன் (தேவகோட்டை):

ஆச்சி, உங்களுடைய மூன்றாவது நிபந்தனையைப் பற்றி மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் கால்நடை மருத்துவனாக இருப்பவன். வளர்த்த விலங்கை இழந்த முதியவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். அவர்களிடம் எல்லோரும் அந்த இழப்பைத் தவிர மற்ற அனைத்தையும் பேசுகிறார்கள். "நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று யாரேனும் சொல்லிவிட்டால், அதன்பிறகு அவர்கள் வாயைத் திறப்பதேயில்லை. அப்பச்சி அவராகவே விலங்குகளைப் பற்றி வாசிக்கச் சொன்னதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

நான் பரிந்துரைப்பது ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. 2011இல் வெளிவந்த 'அறம்' தொகுதியில் இருக்கிறது; தனிச் சிறு நூலாகவும் கிடைக்கிறது. டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்விலிருந்து எழுந்த கதை அது. சுற்றுலா வந்தவர்கள் குடித்துவிட்டு எறிந்த பீர் புட்டியின் சில்லு யானையின் பாதத்தில் ஏறி, சீழ் வைத்து, அந்தப் பேருயிர் நின்ற இடத்திலேயே மெலிந்து அழிவதை அக்கதை சொல்கிறது. அழுகிய உடலில் நெளியும் புழுக்களைக்கூட அருவருப்பில்லாமல் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. படிக்கிற காலத்தில் அந்தப் பகுதியைப் படித்த பிறகுதான், புழுவைத்த புண்ணோடு வரும் மாட்டை முகம் சுளிக்காமல் தொட எனக்கு முடிந்தது.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யையும் நினைத்துப் பார்த்தேன். 2016இல் வந்த நாவல். ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கும் சின்னஞ்சிறு கறுப்பு ஆட்டுக்குட்டி, அதன் பசி, அதன் ஆசை, அதற்குக் காது குத்தி அடையாளம் போடக் காத்திருக்கும் வரிசை என்று நீளும். ஆட்டின் மனத்துக்குள் புகுந்து எழுதப்பட்ட கதை அது. ஆயினும் ஆடு நமக்குப் பாடம் நடத்துவதில்லை. அப்பச்சியின் நிபந்தனைக்கு அது உட்படுமா என்பதில் எனக்கே ஐயம் இருப்பதால், முதலிடம் தரவில்லை.

அழகப்பபுரத்து மாணவி (காரைக்குடி):

அனைவருக்கும் வணக்கம். க. நா. சுப்ரமண்யம் மொழிபெயர்த்த 'விலங்குப் பண்ணை'யைச் சொல்லலாமா என்று முதலில் நினைத்தேன். அப்பச்சியின் நிபந்தனையை இரண்டாவது முறை படித்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். சிறந்த நாவல்தான்; ஆனால் அதில் வரும் பன்றியும் குதிரையும் மனிதருடைய அரசியலைச் சுமக்க வந்தவை. உண்மையான ஒரு குதிரை எப்படி மூச்சுவிடும் என்பதை அறிய எவரும் அதைப் படிப்பதில்லை.

அதற்குப் பதிலாக, ஜாக் லண்டன் 1903இல் எழுதியதைப் பெ. தூரன் மொழிபெயர்த்த 'கானகத்தின் குரல்' நூலைச் சொல்கிறேன். ஒரு செல்வர் வீட்டில் சுகமாக வளர்ந்த பக் என்ற நாய் திருடப்பட்டு, பனிநாட்டுக்கு விற்கப்பட்டு, சறுக்கு வண்டி இழுக்கப் பழகி, இறுதியில் ஓநாய்களோடு காட்டுக்குள் போய்விடும் கதை. பக் சாவதில்லை, ஆச்சி. ஆகவே உங்கள் நிபந்தனையும் மீறப்படவில்லை என்று நினைக்கிறேன்.

கால்நடைத்தோழன் (தேவகோட்டை):

தங்கச்சி சொன்ன நூல் எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் பக் சாகாவிட்டாலும் அதே வண்டியை இழுக்கும் டேவ் என்ற நாய் சாகிறது. நோயுற்ற அதை வாரிலிருந்து விடுவித்து ஓய்வாக ஓடிவரச் செய்கிறார்கள். தன் இடத்தில் வேறொரு நாய் நின்று இழுப்பதைப் பொறுக்க முடியாமல் அது அந்த நாயின் வாரைக் கடித்து அறுத்துவிட்டு, தன் பழைய இடத்திலேயே வந்து நின்றுகொள்கிறது. அதன் பிறகு நடப்பதை நான் இங்கே எழுதவில்லை. ஆச்சி அந்தப் பக்கங்களைத் தாமே முதலில் படித்துவிட்டு, வாசிப்பதா விடுவதா என்று முடிவுசெய்வது நல்லது.

ஏட்டுப்பெட்டி (கோட்டையூர்):

அம்மா, நான் நூலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன். மேலே சொல்லப்பட்ட நூல்கள் யாவும் நல்லவை. ஆயினும், விலங்கு விலங்காகவே இருக்கவேண்டும் என்று கேட்ட பெரியவருக்கு, 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புலவர்கள் எழுதியதைக் கொடுக்காமல் விடுவது முறையன்று. ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உ. வே. சாமிநாதையர் 1903இல் பதிப்பித்த நூல். இன்று எளிய உரையோடு பல பதிப்புகள் கிடைக்கின்றன. அதிலே விலங்கின் பெயராலும் பறவையின் பெயராலுமே பத்துப் பத்துப் பாடல்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓரம்போகியார் நண்டுக்குக் களவன் பத்து, எருமைக்கு எருமைப் பத்து பாடினார். கபிலர் பன்றிக்கும் குரங்குக்கும் கிளிக்கும் மயிலுக்கும் தனித்தனியே பத்து வைத்தார். குரக்குப் பத்தில் ஓர் ஆண்குரங்கு சிறு பிரப்பங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, அகன்ற பாறைமேல் மழைநீர் எழுப்பும் குமிழிகளை அடித்து அடித்து உடைக்கிறது. அந்தக் குரங்கு எவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மழை பெய்கிறது, குமிழி எழுகிறது, அடிக்கிறது, அவ்வளவுதான். அகப்பொருளுக்காக அதற்கு உள்ளுறை, அதாவது மறைபொருள், காண்பார்கள் என்பது உண்மை. பெரியவருக்கு வாசிக்கும்போது அதை ஒருபுறம் வைத்துவிட்டுக் குரங்கை மட்டும் காட்டுங்கள்.

சத்திமுத்தப் புலவர் நாரையை அழைத்துப் பாடிய தனிப்பாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளந்த பனங்கிழங்கைப் போன்றது அதன் அலகு என்கிறார். தை மாதத்தில் நம் வீடுகளில் கிழங்கைப் பிளந்து தின்றவர்க்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

அடுத்து, மருத்துவத் தம்பி எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். நாயின் சாவைப் பற்றிப் படிக்கலாமா என்றால், நான் ஒரு கல்லைப் பரிந்துரைப்பேன். செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆநிரை காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனுக்கருகில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்து நின்ற செய்தியையும் எழுதிவைத்திருக்கிறார்கள். செங்கம் நடுகற்களைப் பற்றிய கல்வெட்டு நூல்களில் இது இடம்பெற்றிருக்கிறது. தியடோர் பாஸ்கரன் எழுதிய 'இந்திய நாயினங்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை' என்ற நூலை வாசிக்கத் தொடங்கும் முன், இந்தக் கல்லின் செய்தியை நீங்களே வாய்ப்பேச்சாகச் சொல்லுங்கள்.

தூரனின் பழைய மொழிபெயர்ப்புப் போன்றவை கடையில் கிடைக்காதபோது பலரும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரரான ரோஜா முத்தையா, கரையானுக்கும் பூச்சிக்கும் இரையாகவிருந்த ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களைச் சேர்த்துக் காப்பாற்றினார். அந்தத் தொகுப்பே 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்கி வருகிறது. சென்னையில் உறவினர் இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடமும் 'கானகத்தின் குரல்' பழைய படி ஒன்று இருக்கிறது. அட்டை மட்டும் இல்லை.

முகப்புத்திண்ணை (பள்ளத்தூர்):

இருபது நாள்களாக நான் எழுதவில்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். முதலில் மா. கிருஷ்ணன் கட்டுரைகளைத் தொடங்கினோம். அப்பச்சி ஒவ்வொரு கட்டுரைக்கும் நடுவில் என்னை நிறுத்தி, "மனிதர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மேலே வாசிக்கச் சொல்வார். அவரிடமிருந்து அதற்கு மேலான பாராட்டை நான் கேட்டதில்லை.

பறவைக் கையேட்டைப் பற்றிக் கண்மாய்க்கரை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. படங்களை அவரால் பார்க்க முடியாது. ஆகவே நான் நிறத்தையும் அளவையும் வாசிக்க, அவர் பெயர் சொல்கிறார். அவருடைய பெயர்களைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வருகிறேன். செம்போத்து என்று நான் வாசித்தால் செம்பகம் என்று திருத்துகிறார். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளியோடு இருக்கும் என்று வாசித்தபோது மட்டும் அவர் நம்பவில்லை. "மூடாத அலகை வைத்துக்கொண்டு எப்படித் தின்னும்?" என்றார். நத்தை ஓட்டுக்குள் இருப்பதை வெளியே எடுப்பதற்கென்றே அமைந்த அலகு என்று விளக்கியும், நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்கிறார்.

'வாடிவாசல்' நான்கு மாலைகள் ஆயிற்று. தொழுவம் அண்ணன் எச்சரித்த இடத்தில் என் குரல் தடுமாறியது. அப்பச்சி அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காளை செய்த தப்பு என்ன?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையிலும் அதையே கேட்டார்.

தொழுவம் (சிராவயல்):

அப்பச்சி கேட்ட கேள்வியை எங்கள் வீட்டில் என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் காளைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பதில் ஒன்றும் சொல்லவில்லை. புலிக்குளம் இனத்தைப் பற்றியும், அதைக் கிடை போட்டு வளர்க்கும் கோனார்களைப் பற்றியும் அப்பச்சிக்குக் கேட்க விருப்பமிருந்தால், ஒரு நாள் தந்தையாரை அழைத்துக்கொண்டு பள்ளத்தூருக்கு வருகிறேன். அதற்குப் புத்தகம் தேவைப்படாது.

கண்மாய்க்கரை (திருப்பத்தூர்):

நத்தைகுத்தியை அப்பச்சி நேரில் அறியவேண்டுமானால் கொள்ளுக்குடிப்பட்டிக்கு அழைத்து வாருங்கள், ஆச்சி. அங்குள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் பறவைகளைத் தம் விருந்தாகக் கருதி வந்திருக்கிறார்கள். கூட்டிலுள்ள குஞ்சுகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தியும் அரிவாள் மூக்கனும் வக்காவும் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். கண் தெரியாவிட்டாலும், நாரைகள் அலகை அலகோடு தட்டும் ஒலி கரையிலிருந்தே கேட்கும்.

முகப்புத்திண்ணை (பள்ளத்தூர்):

நேற்று இரவு ஏட்டுப்பெட்டி ஐயா சொன்னபடி எடத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னேன். கையில் நூல் எதுவும் இல்லை. சும்மா பேசுவதைப் போலத்தான் தொடங்கினேன். வீரன் இறந்ததையும், நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்ததையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "நாய்க்குப் பெயர் வெட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டார். கோவிவன் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. நான் விளக்கைத் தணிக்க எழுந்தபோது, "நம் மணி கடித்ததே கிடையாது. ஒரே ஒரு தடவை, வளவில் நல்ல பாம்பு வந்த அன்றைக்கு, உங்கள் ஆத்தாளின் சேலையைக் கடித்து இழுத்தான்" என்றார். அந்தச் செய்தி எனக்குத் தெரியாது. நான் திருமணமாகி மதுரையில் இருந்த காலத்தில் நடந்திருக்கிறது. பாம்பு எந்தத் தூணுக்கருகில் கிடந்தது, ஆத்தா எப்படிக் கத்தினார்கள், மணி எங்கே நின்றான் என்பதையெல்லாம் இரவு பத்து மணி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவத் தம்பி, உங்கள் சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன். டேவ் வரும் பக்கங்களை இன்று காலை நான் தனியாகப் படித்து முடித்தேன். அவற்றை விடாமல் வாசிக்கப்போகிறேன். ஏட்டுப்பெட்டி ஐயா, அட்டையில்லாத அந்தப் படியை என் மகன் மூலம் அனுப்பியதற்கு நன்றி. புதிய அட்டை போட்டுத் திருப்பித் தருகிறேன். கண்மாய்க்கரை அண்ணன், வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பச்சியைக் காரில் அழைத்துக்கொண்டு கொள்ளுக்குடிப்பட்டிக்கு வருகிறோம். அவரால் நெடுந்தூரம் நடக்க இயலாது. கரையில் நாற்காலி போடுவதற்கு நிழலான இடம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்.